இமேஜிங் சர்வரை மாற்றித் தருகிறவர்களிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்

பழைய இமேஜிங் சர்வரை, அதாவது ஒரு கணினியின் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து வைத்து மற்றக் கணினிகளில் நெட்வொர்க் வழியாகப் போடும் சர்வரை, எடுத்துவிட்டுப் புதியதை நிறுவித் தரும் வேலையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். லினக்ஸில் ஓடும் ஃபாக் என்ற இமேஜிங் மென்பொருள், கணினிகளுக்கு ஐபி முகவரி தரும் டிஎச்சிபிக்குத் தனியாக ஒரு விண்டோஸ் சர்வர், நான்கைந்து விலான்கள் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்த பகுதிகள்). அசாதாரணமான அமைப்பு எதுவும் இல்லை. சர்வர் இருக்கும் அதே விலானில் ஒரே ஒரு பழைய கணினியைப் பூட் செய்து காட்டினார்கள், வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்கினார்கள், பழைய சர்வரை டிஸ்க்கோடு எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மற்ற விலான்களில் ஒரு கணினிகூட நெட்வொர்க்கில் பூட் ஆகவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது, கணினிகளின் நெட்வொர்க் கார்டுகள் பழையவை, மாற்ற வேண்டும் என்றார்கள். சுவிட்சுகளையும் மாற்றினால் நல்லது என்று விலைப்பட்டியலும் கையோடு வந்தது. கார்டுகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பழுது அத்தனையும் அவர்கள் செய்த, செய்யாமல் விட்ட வேலையில் இருந்தது. ஒவ்வொன்றும் திரையில் தன் அடையாளத்தைக் காட்டிக்கொண்டேதான் இருந்தது. அந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தால் தேவையில்லாத கார்டை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

நெட்வொர்க் பூட் பல கட்டங்களாக நடக்கிறது. கணினி டிஎச்சிபியிடம் ஐபி முகவரியும், எந்த சர்வரிடம் எந்தக் கோப்பைக் கேட்பது என்ற விவரமும் வாங்குகிறது. அந்த சர்வரிடமிருந்து டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக ஒரு சின்ன பூட் கோப்பை இறக்குகிறது. அந்தக் கோப்பு, அதாவது ஐபிஎக்ஸ்இ, ஓடத் தொடங்கி மறுபடியும் டிஎச்சிபி கேட்கிறது, பிறகு எச்டிடிபி வழியாக மெனுவையும் கெர்னலையும் எடுக்கிறது. கடைசியில் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு வழியாக இமேஜ் கோப்புறையை மவுன்ட் செய்கிறது, அதாவது தன்னோடு இணைத்துக்கொள்கிறது. எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை முதலில் பாருங்கள். கட்டம் தெரியாமல் பாகத்தை மாற்றச் சொல்பவர் ஊகத்தில் பேசுகிறார்.

எங்களிடம் முதலில் தென்பட்டது பிஎக்ஸ்இ-இ32 என்ற பிழை எண் (பிஎக்ஸ்இ என்பது இந்த நெட்வொர்க் பூட் முறையின் பெயர்). பயாஸ் என்ற பழைய தொடக்க மென்பொருள் உள்ள கணினிகளில் டிஎஃப்டிபி இணைப்பு காலாவதி ஆனதாக இப்படி வரும். பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ உள்ள கணினிகளில் அதே நிலைமை பிஎக்ஸ்இ-இ18 என்று தெரியும். இதன் பொருள் தெளிவானது: ஐபி கிடைத்துவிட்டது, கோப்பின் பெயரும் கிடைத்துவிட்டது, சொல்லப்பட்ட சர்வர் பதில் தரவில்லை. கார்டு பழுதாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே முடியாது. டிஎச்சிபியைத் திறந்து பார்த்தால், சர்வர் இருக்கும் விலானின் ஸ்கோப்பில் (ஒரு விலானுக்கான டிஎச்சிபி அமைப்பு) மட்டும், பூட் சர்வரைச் சொல்லும் ஆப்ஷன் 66-இல் புதிய ஐபி இருந்தது. மற்ற ஸ்கோப்புகள் எல்லாம், எடுத்துப் போன பழைய சர்வரின் ஐபியையே சொல்லிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஸ்கோப்பாகத் திறந்து ஆப்ஷன் 66, கோப்பின் பெயரைச் சொல்லும் ஆப்ஷன் 67 இரண்டையும் சரிபார்ப்பது பெரிய வேலையே இல்லை. புதிய சர்வருக்குப் பழைய ஐபியையே கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. மாற்றும் வேலையைக் கொடுக்கும்போது இதையே முதல் நிபந்தனையாகச் சொல்லுங்கள்.

பிழை எண் வேறாக இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். பிஎக்ஸ்இ-இ51 என்றால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. டிஎச்சிபி கேள்வி பிராட்காஸ்ட்டாகப் போவதால் விலானைத் தாண்டாது, எனவே ரவுட்டரில் அந்த விலானுக்கு கேள்வியை டிஎச்சிபி சர்வருக்குக் கடத்தும் ஐபி ஹெல்பர் முகவரி இருக்கிறதா, அது சரியான சர்வரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிஎக்ஸ்இ-இ53 என்றால் ஐபி வந்தது, பூட் கோப்பின் பெயர் வரவில்லை: ஆப்ஷன் 67 காலியாக இருக்கிறது, அல்லது ப்ராக்ஸி டிஎச்சிபியாக, அதாவது பூட் விவரத்தை மட்டும் தருவதாக, இருந்த பழைய சர்வர் போய்விட்டது. பிஎக்ஸ்இ-டி01 என்றால் சர்வர் பதில் சொல்கிறது, கேட்ட பெயரில் கோப்பு இல்லை. லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸுக்கு மாறியவர்கள் பாதையில் சாய்வுக் கோட்டின் திசையையும் பார்க்க வேண்டும். பிஎக்ஸ்இ-இ61 ஒன்றுதான் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகிக்கச் சொல்லும் எண், எங்கள் கணினிகள் எதிலும் அது வரவில்லை.

ஸ்கோப்புகளைத் திருத்திய பிறகு பயாஸ் கணினிகள் ஒரு படி முன்னேறின, யூஇஎஃப்ஐ கணினிகள் நகரவில்லை. இவற்றில் பிழைச் செய்தியே கிடையாது: கோப்பு வெற்றிகரமாக இறங்கியதாகக் காட்டிவிட்டு அடுத்த நொடியே பூட் மெனுவுக்குத் திரும்பிவிடும். எல்லா ஸ்கோப்பிலும் அன்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ என்ற கோப்பைப் போட்டிருந்ததுதான் காரணம். அது பயாஸுக்கான கோப்பு. யூஇஎஃப்ஐ கணினிக்கு எஸ்என்பிஒன்லி.ஈஎஃப்ஐ அல்லது ஐபிஎக்ஸ்இ.ஈஎஃப்ஐ தேவை. தலைகீழாகச் செய்தால், அதாவது பயாஸ் கணினிக்கு ஈஎஃப்ஐ கோப்பைக் கொடுத்தால், கோப்பு நினைவகத்தில் அடங்கவில்லை என்று பிஎக்ஸ்இ-இ79 வரலாம்.

இரண்டு வகைக் கணினிகளும் இருக்கும் இடத்தில் ஆப்ஷன் 67-இல் ஒரே பெயரை எழுதிவைத்துத் தப்பிக்க முடியாது. கணினி தன் கேள்வியிலேயே ஆப்ஷன் 93 மூலம் தான் எந்த வகை என்று சொல்கிறது: 0 என்றால் பயாஸ், 7 அல்லது 9 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அதே விவரம் ஆப்ஷன் 60-இலும், பிஎக்ஸ்இகிளையன்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஐந்து இலக்க ஆர்க் எண்ணாக வரும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் டிஎச்சிபியில் பாலிசி வசதி உண்டு, அதாவது கணினியின் வகையைப் பொறுத்து வேறு வேறு விவரம் தரலாம். 00000, 00007, 00009 ஒவ்வொன்றுக்கும் ஒரு வெண்டர் கிளாஸை உருவாக்கி, பாலிசியில் வைல்ட்கார்டை (பின்னால் எது வந்தாலும் பொருந்தச் செய்யும் குறி) சேர்த்து, அந்தந்தப் பாலிசிக்குள் 66, 67 இரண்டையும் கொடுக்க வேண்டும். வைல்ட்கார்டை மறந்தால் பாலிசி பொருந்தாது, ஏனென்றால் ஆர்க் எண்ணுக்குப் பின்னாலும் எழுத்துகள் வருகின்றன.

இந்த இடத்தில் அவர்கள் செய்தது இன்னும் மோசம். யூஇஎஃப்ஐ பூட் ஆகவில்லை என்றதும் சில கணினிகளில் செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட பூட் கோப்புகளை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) அணைத்து லெகசிக்கு, அதாவது பழைய பயாஸ் முறைக்கு, மாற்றிவிட்டுப் போனார்கள். ஜிபிடி டிஸ்க்கில் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவிய விண்டோஸ் லெகசியில் எழாது. திரும்ப மாற்றினாலும் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் உள்ள கணினிகள் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் கையில் இல்லை என்றால் தரவு போனது போனதுதான். கையெழுத்திடப்படாத ஐபிஎக்ஸ்இ கோப்பைச் செக்யூர் பூட் தடுக்கும் என்பது உண்மை. அதற்காக இமேஜ் போடும் நேரத்தில், பிட்லாக்கரை இடைநிறுத்திவிட்டு, செக்யூர் பூட்டை மட்டும் அணைத்துத் திரும்பப் போடலாம். பயன்பாட்டில் இருக்கும் கணினியை லெகசிக்கு மாற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கார்டுகளை மாற்றச் சொன்னதற்கு அவர்கள் காட்டிய சான்று இதுதான்: ஐபிஎக்ஸ்இ திரையில் வந்து, நெட்0 கான்ஃபிகர் ஆவதாகச் சொல்லி, புள்ளி புள்ளியாக ஓடி, கடைசியில் தோற்றுப் போகிறது. பார்க்கிறவருக்குக் கார்டு பழுது போலவே தோன்றும். நடப்பது வேறு. ஐபிஎக்ஸ்இ தொடங்கும்போது கார்டை ரீசெட் செய்கிறது, லிங்க் ஒரு கணம் அறுந்து மறுபடி ஏறுகிறது. சுவிட்ச் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கிடையே சுழல் உருவாகாமல் தடுக்கும் முறை) வழக்கமான நேர அளவில் இருந்தால், கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி, ஆக 30 நொடிக்கு அந்தப் போர்ட் எதையும் கடத்தாது. அதற்குள் ஐபிஎக்ஸ்இ கேட்டுக் களைத்துவிடும். அவர்கள் சுவிட்சுகளையும் ரீசெட் செய்து விலானை மட்டும் திரும்ப அமைத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் எல்லாப் போர்ட்டிலும் போய்விட்டிருந்தது.

இதைச் செலவில்லாமல் நிரூபிக்கலாம். மேலாண்மை வசதி எதுவும் இல்லாத சாதாரண ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றைச் சுவர் சாக்கெட்டுக்கும் கணினிக்கும் நடுவில் வையுங்கள். இப்போது கணினியின் லிங்க் அறுந்தாலும், பெரிய சுவிட்சுக்குப் போகும் லிங்க் அறுவதில்லை. கணினி பூட் ஆகிவிட்டால் கார்டு நன்றாக இருக்கிறது, குறை சுவிட்ச் போர்ட்டின் அமைப்பில். கணினி இருக்கும் போர்ட்டுகளில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட்டைப் போடுங்கள், சுவிட்சையும் சுவிட்சையும் இணைக்கும் போர்ட்டில் போடாதீர்கள். விலைப்பட்டியலோடு யார் வந்தாலும் இந்தச் சோதனையை அவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

டிஎஃப்டிபியைச் சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கேள்வி யுடிபி 69-க்குப் போகும், பதில் வேறொரு போர்ட்டிலிருந்து வரும். அதனால் விண்டோஸ் கணினியிலிருந்து டிஎஃப்டிபி கட்டளையில் கோப்பை எடுத்துப் பார்த்தால், அந்தக் கணினியின் சொந்த ஃபயர்வாலே பதிலைத் தடுத்துவிடலாம். சர்வர் பழுது என்று தவறாக முடிவு கட்டிவிடாதீர்கள். சர்வர் பக்கமும் இதே காரணத்தால் 69-ஐ மட்டும் திறப்பது போதாமல் போகலாம். லினக்ஸில் உள்ள ஃபயர்வால்டி என்ற ஃபயர்வாலில் டிஎஃப்டிபி என்ற சர்வீஸையே சேர்த்தால், பின்தொடரும் போர்ட்டையும் அது கவனித்துக்கொள்ளும். எங்களுக்கு அவர்கள் கண்ட தீர்வு ஃபயர்வாலை முழுதாக நிறுத்திவிடுவது. தேவைப்படுவது டிஎஃப்டிபி, எச்டிடிபி, எஃப்டிபி, என்எஃப்எஸ், ஆர்பிசி பைண்ட், மவுன்ட்டி, அடிப்படையில் இவ்வளவுதான்.

எங்கே நிற்கிறது என்று புரியவே இல்லை என்றால் சர்வரில், நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப்பை 67, 68, 69, 4011 போர்ட்டுகளுக்கு ஓடவிட்டு, பதிவான கோப்பை வயர்ஷார்க்கில் திறந்து பாருங்கள். டிஎச்சிபி வேறு சர்வரில் இருந்தால் அங்கேயும், அல்லது சுவிட்சில் மிரர் போர்ட் வைத்தும் பிடிக்க வேண்டும். ஆஃபர் பாக்கெட்டில் நெக்ஸ்ட் சர்வர் முகவரி, பூட் கோப்பின் பெயர், பதில் தந்தவரின் ஐபி மூன்றையும் பாருங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு பேர் பதில் தருகிறார்கள் என்றால், பழைய சர்வர் எங்கோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். சில நேரம் பூட் ஆகி, சில நேரம் ஆகாமல் போவதற்கு இது முக்கியக் காரணம்.

ஐபிஎக்ஸ்இ எழுந்து, பழைய ஐபியில் பூட்.பிஎச்பியைத் தேடிக் காலாவதி ஆனால், டிஎஃப்டிபிபூட் கோப்புறையில் உள்ள டிஃபால்ட்.ஐபிஎக்ஸ்இ கோப்பைத் திறந்து பாருங்கள். பழைய சர்வரிலிருந்து அப்படியே நகலெடுத்திருப்பார்கள். ஃபாக் வலைப்பக்கத்தில் டிஎஃப்டிபி ஹோஸ்ட், வெப் ஹோஸ்ட், ஸ்டோரேஜ் நோட் ஆகியவற்றின் ஐபியும், ஆப்ட் ஃபாக் கோப்புறையில் ஒளிந்திருக்கும் ஃபாக்செட்டிங்ஸ் கோப்பில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பூட் ஆகிவிட்டது என்பதோடு சோதனையை நிறுத்தாதீர்கள். இமேஜ் கோப்புறையை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று வந்தால், .எம்என்டிசெக் என்ற மறைகோப்பு இமேஜஸ் கோப்புறையிலும் அதன் உள்ளே இருக்கும் டெவ் கோப்புறையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரக் குறி போட்டு நகலெடுத்தால் மறைகோப்புகள் வராது. இமேஜ் எடுப்பது முழுதாக முடிந்து, டேட்டாபேஸைப் புதுப்பிக்கும் கடைசி அடியில் தோற்றால், பெரும்பாலும் ஸ்டோரேஜ் நோட்டில் உள்ள கடவுச்சொல்லும் லினக்ஸில் ஃபாக்ப்ராஜெக்ட் பயனரின் கடவுச்சொல்லும் பொருந்தவில்லை. எடுத்த இமேஜ் டெவ் கோப்புறையில் கணினியின் மேக் முகவரிப் பெயரில் கிடக்கும், அழித்துவிடாதீர்கள்.

ஃபாக்குக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பழைய சர்வரில் டிஎச்சிபியும் அதுவும் சேர்ந்தே இருந்து, இப்போது இமேஜிங்கை மட்டும் வேறு சர்வருக்கு நகர்த்தினால், டிஎச்சிபியில் மிச்சமிருக்கும் ஆப்ஷன் 60-ஐ நீக்க வேண்டும். இல்லையென்றால் கணினிகள் டிஎச்சிபி சர்வரிடமே 4011 போர்ட்டில் போய்க் கேட்டு, பிஎக்ஸ்இ-இ55 காட்டி நிற்கும்.

எங்களால் மீட்கவே முடியாமல் போனது ஃபாக்கின் சான்றிதழ். ஆப்ட் ஃபாக்கில் ஸ்னாபின்ஸ் கோப்புறைக்குள் எஸ்எஸ்எல் என்று ஒன்று உண்டு. அதைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோயிருந்தால், கணினிகளில் ஏற்கனவே இருக்கும் ஃபாக் கிளையன்ட் (சர்வரோடு பேசும் சின்ன மென்பொருள்) புதிய சர்வரையும் நம்பியிருக்கும். அவர்கள் கொண்டுபோகவில்லை, டிஸ்க்கோ அவர்களோடு போய்விட்டது, கேட்டபோது அழித்துவிட்டோம் என்றார்கள். ஒவ்வொரு கணினியிலும் கிளையன்ட்டை நீக்கி மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று.

ஆகவே பணி ஆணையிலேயே எழுதிக் கொடுங்கள்: ஒவ்வொரு விலானிலிருந்தும், பயாஸ் ஒன்று, யூஇஎஃப்ஐ ஒன்று, பூட் ஆகி, இமேஜ் எடுத்து, திரும்பப் போட்டு, விண்டோஸ் எழுந்து, கிளையன்ட் சர்வரோடு பேச வேண்டும். டிஎச்சிபியிலும் சுவிட்சிலும் மாற்றியவற்றின் பட்டியலும், எல்லாக் கடவுச்சொற்களும் கைக்கு வர வேண்டும். கிளையன்ட் பக்கப் பிரச்சினைகளுக்குப் பொறுப்பில்லை என்ற வரி நிறைவுச் சான்றில் இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், எங்களை மடக்கியது அந்த வரிதான். பழைய சர்வரின் டிஸ்க்கை மட்டும் எந்த எக்ஸ்சேஞ்சிலும் கொடுக்காதீர்கள்.