மீட்டரா, தவணையா: இரண்டு ஊர்க் குழாய்களும் பெண்களின் உடம்பும்

தண்ணீரைத் தனியாரிடம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தாலே ஆளுக்கொரு கட்சி கட்டிவிடுகிறோம். அரசு என்றால் நல்லது, கம்பெனி என்றால் கொள்ளை; இல்லையென்றால் அப்படியே தலைகீழ். பெண்களின் உடல்நலத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கே குடிநீர் வாரியத்தை 2001-ல் ஒரு கம்பெனியாக மாற்றினார்கள். சொந்தக்காரர் மாநகராட்சிதான், நிர்வாகத்தை மட்டும் முதல் ஐந்து ஆண்டுகள் பிரான்ஸின் சூயஸ் என்ற தண்ணீர் கம்பெனி தலைமையிலான குழு கவனித்தது. அந்நகரின் ஏழைகள் வாழும் சொவேட்டோவில், பிரி பகுதியில் ப்ரீபெய்ட் மீட்டர்கள் வந்தன. அப்போது வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்ததும் செல்போனுக்குப் போடுவதுபோல ரீசார்ஜ் செய்யவேண்டியிருந்தது, இல்லாவிட்டால் குழாய் நின்றுவிடும். எட்டுப் பேர் உள்ள வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் வரும். ஒரே மனையில் இருபது பேர் இருந்தால் 10 லிட்டர்தான். பழைய மாடல் ஃப்ளஷை ஒருமுறை இழுத்தாலே அது காலி.

குழாய் நின்ற பிறகு மாதக் கடைசியை ஓட்டுவது யார்? எய்ட்ஸ் நோயாளியின் படுக்கைத் துணியை அலசவேண்டும், குழந்தையைக் கழுவிவிடவேண்டும், மாதவிலக்கு நாளில் குளிக்கவேண்டும். மிச்சம் பிடிக்கிற பெண் முதலில் தன் பங்கில்தான் கைவைப்பாள். தண்ணீர் குறைவாகக் குடித்து, கழிப்பறைக்குப் போவதைத் தள்ளிப்போட்டால் சிறுநீர்த் தொற்றுக்கு அதுவே வழி. பிரி வாசிகள் ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். இந்த மீட்டர் பெண்களுக்குப் பாரபட்சம் காட்டுகிறது என்றே 2008-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, 25 லிட்டர் நியாயமான அளவுதான், மீட்டரும் சட்டப்படி சரி என்றது. சட்டம் எப்படியோ, அந்த வீட்டு முற்றத்தைப் புரிந்துகொண்டது முதல் தீர்ப்புதான் என்பேன்.

இப்போது மொராக்கோவின் டாஞ்சியர். இங்கே குழாய் நிஜமாகவே தனியார் கையில் இருந்தது: பிரான்ஸின் வியோலியா குழுமத்தைச் சேர்ந்த அமென்டிஸ். ஏழைகளுக்குத் தடையாக இருந்தது இணைப்புக் கட்டணம். அதை வட்டியில்லாமல், தண்ணீர் பில்லோடு சேர்த்துத் தவணையில் கட்டலாம் என்ற திட்டத்தை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இந்தத் திட்டத்தில் சேர உதவி கிடைத்த வீடுகளில் 69 சதவீதம் இணைப்பு வாங்கின. கிடைக்காதவற்றில் 10 சதவீதம்தான். வயிற்றுப்போக்கு குறையவில்லை. தெருக்குழாயிலும் அதே சுத்தமான தண்ணீர்தான் இலவசமாக வந்துகொண்டிருந்தது, அப்புறம் எப்படிக் குறையும்? ஆனால் குடம் சுமந்த நேரம் மிஞ்சியது, அக்கம்பக்கத்தாரோடும் வீட்டுக்குள்ளும் தண்ணீரால் வந்த சண்டை குறைந்தது, மனம் லேசானது. பில் ஏறியும் இணைப்பை விடவில்லை. இந்த மன நிம்மதி எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வராது, ஆனால் ஆரோக்கியம் இல்லாமல் அது வேறென்ன?

அமென்டிஸுக்கு மாலை போடவேண்டாம். 2015-ல் தண்ணீர், மின்சார பில் தாங்காமல் அதே டாஞ்சியர் மக்கள் விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தியோடு தெருவில் இறங்கினார்கள்.

மற்ற ஊர்களைச் சட்டென்று சொல்லிவிடலாம். அர்ஜென்டினாவில் 90-களில் தண்ணீர் தனியார்மயமான பகுதிகளில் குழந்தை மரணம் சுமார் 8 சதவீதமும், மிக ஏழைப் பகுதிகளில் 26 சதவீதமும் குறைந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. மறுபக்கம் கம்போடியாவின் புனோம் பென், அரசு வாரியத்தை வைத்துக்கொண்டே, 1993-ல் 70 சதவீதத்துக்கு மேல் இருந்த நீர் இழப்பை (கசிவிலும் திருட்டிலும் போய், பில்லில் வராத தண்ணீர்) சுமார் 6 சதவீதமாக்கியது.

கோவைக்காரர்களுக்கு சூயஸ் என்ற பெயர் புதிதல்ல. 24 மணி நேரக் குடிநீருக்கு 2018-ல் மாநகராட்சி ஒப்பந்தம் போட்டது அந்தக் கம்பெனியோடுதான். கம்பெனி எந்த நாட்டுடையது என்பதைவிட எனக்கு வேறு மூன்று விஷயங்கள் தெரியவேண்டும். இணைப்புக்கான டெபாசிட்டைத் தவணையில் வாங்குவார்களா? பில் பாக்கி விழுந்தால் எத்தனை நாளில் குழாயை மூடுவார்கள்? வீட்டு இணைப்பு வந்த தெருவில் பொதுக்குழாய் இருக்குமா, பிடுங்கிவிடுவார்களா?