டீசலா, கரண்டா: மச்சானின் அரைக்கோடிக் குழப்பம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் மச்சான் அரைக்கோடிக்கு வண்டி எடுக்கப் போகிறார். பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 டீசலா, முன்பின் சக்கர இடைவெளி நீட்டிய எலெக்ட்ரிக் ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸா என்று ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு. இரண்டும் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அசெம்பிள் ஆகிறவைதான்.

எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு வந்தது. ஷோரூம் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆர்.டி.ஓ.வில்தான் இருக்கிறது கதை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 50 லட்சத்து டீசலுக்கு அதுவே 10 லட்சம். எலெக்ட்ரிக்குக்கு அரசு இந்த வரியில் விலக்கு கொடுத்து வருகிறது. சலுகைக்குக் கெடு உண்டு என்பதால் புக் பண்ணும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மச்சானின் ஓட்டம் வீடு, கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் முதல் கியரிலேயே அரை மணி. பி.எஸ்.6 புகை விதிப்படி வரும் டீசலுக்கு இது ஆகாது. புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும். குட்டிக் குட்டி ஓட்டத்தில் அந்தச் சூடு வராது, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்புறம் வாரம் ஒருமுறை செங்குன்றம் தாண்டி விரட்டிவிட்டு வர வேண்டியதுதான். எலெக்ட்ரிக்குக்கு நெரிசல் ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் சொந்த ஊர் திருச்செந்தூர், 600 கிலோமீட்டருக்கு மேல். டீசல் என்றால் ஒரே டேங்கில் முருகன் வாசல். ஐஎக்ஸ்1-க்கு 66.4 யூனிட் பேட்டரி, ஒரு முழு சார்ஜுக்குக் கம்பெனி சொல்லும் தூரம் 531 கிலோமீட்டர். ஏ.சி., நாலு பெட்டி, நூறில் ஓட்டம் என்றால் நான் 400-க்கு மேல் நம்ப மாட்டேன். பெரிய சார்ஜர் கிடைத்தால் 10-லிருந்து 80 சதவீதம் ஏற அரை மணி போதும். 60 கிலோவாட் சார்ஜர்தான் கிடைத்தால் ஒரு மணி நேரம். அத்தைக்கு எப்படியும் காலை நீட்ட இறங்க வேண்டும் என்பதால் இதை நான் குறையாகவே எண்ணவில்லை.

மழைத்தண்ணீரில் இரண்டையும் இறக்கக் கூடாது. டீசல் காற்றோடு தண்ணீரை இழுத்தால் என்ஜின் போச்சு. பேட்டரி நன்றாக மூடப்பட்டதுதான். ஆனாலும் பழுதானால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

என்னைக் கேட்டால் வண்டி ராத்திரி எங்கே தூங்குகிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நம் பக்கத்தில் பாதிப் பேர் கார் தெருவில்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டி வயர் இழுக்க முடியுமா? அவர்கள் யோசிக்காமல் டீசல் எடுக்கலாம். சொந்த போர்ட்டிகோவும் த்ரீ ஃபேஸும் இருந்தால் எலெக்ட்ரிக்.

மச்சானுக்கு இரண்டும் இருக்கின்றன. டேப் வைத்து அளந்தோம், போர்ட்டிகோ 15 அடி, அதாவது 4572 மில்லிமீட்டர். டீசல் 4500, கச்சிதம். எலெக்ட்ரிக் 4616, கேட் சாத்தாது. வாசல்படியில் ஒன்றை உடைத்துவிடலாம் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். முதலில் ஆடி முடியட்டும் என்கிறார் அத்தை.