லட்சம் கோடி பைட்டும் 931 ஜிபியும்: ரிச்சி தெருவில் வாங்கிய ஹார்ட் டிஸ்க்

மயிலாப்பூரில் நாங்கள் நான்கு குடும்பத்தார், வானொலியிலிருந்து பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வைத்திருந்த கச்சேரிக் கேசட்டுகளை ஒன்றுசேர்த்து எண்ணியபோது, 90 நிமிடக் கேசட்டுகள் 1,100 இருந்தன. அதாவது 1,650 மணி நேர இசை. நாடா உதிர்ந்து போவதற்குள் அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்பதற்காகவே, சென்ற மாதம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் 1 டெராபைட் கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கினேன்.

கடைக்காரரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 1,76,400 பைட் வீதம் ஒரு மணி நேரத்துக்கு 63.5 கோடி பைட் ஆகும் என்று நான் வீட்டிலேயே கணக்கிட்டிருந்தேன். 1 டெராபைட் என்பதை 1024-ஐ நான்கு முறை பெருக்கிவரும் எண்ணாக எடுத்துக்கொண்டதால், 1,731 மணி நேரம் கொள்ளும் என்று நம்பியிருந்தேன். அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, "சார், டிஸ்க் கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமாத்தான் எண்ணுவாங்க. இது சரியா லட்சம் கோடி பைட், அவ்வளவுதான்" என்றார். அந்தக் கணக்கில் 1,574 மணி நேரத்தோடு இடம் தீர்ந்துவிடும். ஐம்பது கேசட்டுகள் வெளியே நின்றிருக்கும். விலை கூடிய 2 டெராபைட்டை என்னிடம் அவர் எளிதாக விற்றிருக்கலாம். ஆனால், வானொலிப் பதிவுகள் பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலிதானே என்று கேட்டு, மோனோவாக மாற்றினால் பாதி இடம் போதும் என்று அவரே வழிகாட்டினார். அந்த நேர்மைக்காகவே அக்கடைக்கு மறுபடியும் செல்வேன்.

வீட்டில் விண்டோஸ் கணினியில் இணைத்தபோது, மொத்தக் கொள்ளளவு 931 ஜிபி என்று காட்டியது. இதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணுவோர் பலர் உண்டு. டிஸ்க்கில் எதுவும் குறையவில்லை. விண்டோஸ் 1,073,741,824 பைட்டை, அதாவது 1024-ஐ மூன்று முறை பெருக்கிவரும் எண்ணை, ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. லட்சம் கோடியை அதனால் வகுத்தால் 931 வரும். அடையாறில் உள்ள நண்பரின் மேக் கணினியில் இதே டிஸ்க் 1 டிபி என்றே காட்டியது, ஏனெனில் மேக் 2009 முதல் ஆயிரத்தின் அடுக்கில் எண்ணுகிறது. கணினி இரண்டின் அடுக்கில் எண்ணுவதால் வரும் 1024, ஆயிரத்துக்கு அருகில் இருப்பதால் தொடக்கத்தில் கிலோ என்ற சொல்லையே அதற்கும் இரவல் வாங்கிக்கொண்டார்கள். கிலோபைட்டில் 2.4 விழுக்காடாக இருக்கும் வேறுபாடு, மெகா, கிகா என ஏறி, டெராபைட்டில் ஏறத்தாழ 10 விழுக்காடாகிவிடுகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல, 1024-இன் அடுக்குகளுக்கு கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என்று ஒலிக்கும் தனிப் பெயர்களை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே வகுத்தது. கடைத்தெருவில் அவற்றை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழில் எழுதும்போது முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிடுவதால் நமக்கு அவை இன்னும் சிக்கல். நம்முடைய கோடிக் கணக்கே தெளிவானது: ஒரு ஜிபி நூறு கோடி, ஒரு டிபி லட்சம் கோடி.

மோனோவாக மாற்றிய 1,650 மணி நேரமும் 524 ஜிபி ஆயிற்று. விண்டோஸ் அதை 488 என்று காட்டுகிறது. அந்தக் கோப்புகளைக் கணினியிலிருந்து டிஸ்க்குக்கு நகலெடுத்தது நொடிக்கு 120 எம்பியில் தொடங்கி, போகப்போக 100 அளவுக்கு இறங்கி, 1 மணி 20 நிமிடத்தில் முடிந்தது. அட்டைப்பெட்டியில் உள்ள 5 ஜிபிபிஎஸ் என்பது யுஎஸ்பி இணைப்பின் உச்ச வேகம், அதுவும் பிட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். சுழலும் தட்டுள்ள டிஸ்க் அந்த வேகத்தை எட்டாது. ஆயினும், வீட்டிலுள்ள 100 எம்பிபிஎஸ் இணையத்தில், அதாவது நொடிக்கு 12.5 எம்பியில், இதே கோப்புகளை ஏற்ற பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சூடாகவில்லை, சத்தமும் இல்லை. கேபிள் மட்டும் மிகக் குட்டை. கொள்ளளவின் விளக்கத்தைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விலைக்கு அருகிலேயே அது இருக்க வேண்டும்.

ஒரே பிரதியை நம்பக் கூடாது என்பதால் இதே டிஸ்க்கை இன்னொன்றும் வாங்கி அடையாறு நண்பர் வீட்டில் வைத்திருக்கிறோம். இரண்டின் மேலும் மார்க்கரால் "1,00,000 கோடி பைட், விண்டோஸில் 931 ஜிபி" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.