ராத்திரி மிருகம் பார்க்க மலைநாட்டுல எது சரி: கொட்டிலா, மடக்கு டென்டா?

இங்கிலாந்துல பேட்ஜர்ங்கிற, வளை தோண்டி வாழுற ராத்திரி மிருகத்த பார்க்கிறவங்க அது இருக்கிற வளைக்கு எதிர்ல ஒரு மறைவுக்குள்ள பொழுது சாய முந்தியே போய் உட்காந்துக்குவாங்க. நம்ம இலங்கையில பேட்ஜர் கிடையாது, இந்தியாவுல இருக்கிற தேன்வளைக்கரடி கூட இங்க இல்ல. ஆனா அதே வேலைய இங்க முள்ளம்பன்றி வளைக்கு எதிர்ல தாராளமா செய்யலாம், அது வர்ற வழியிலேயே மரநாய், காட்டுப்பன்றி, சருகுமான், மரை எல்லாம் ஒவ்வொண்ணா வரும்.

இடம் பத்தி ஒரு வார்த்தை. ஹோட்டன் சமவெளி மாதிரி தேசிய பூங்காவுக்குள்ள ராத்திரி உட்கார விடமாட்டாங்க, அதனால நான் சொல்றது தேயிலைத் தோட்டத்து ஓரக் காடு, தோட்டத்த நடத்துற தொரைகிட்ட கேட்டுட்டு உட்காருற இடம். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கடையில விக்கிற, இலை இலையா பிரிண்ட் அடிச்ச மடக்கு டென்ட். இன்னொண்ணு யூகலிப்டஸ் கம்பு நட்டு, மானாப்புல் கூரை போட்டு, முன்னால பழைய கொழுந்து சாக்கு தொங்கவிட்டு நம்மளே அடிக்கிற கொட்டில். நான் டென்டும் வச்சிருந்தேன், இப்ப கொட்டில்லதான் உட்காருறேன்.

டென்டுக்கு உள்ள நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தோள்ல மாட்டிட்டு போகலாம், ரெண்டு நிமிசத்துல விரிக்கலாம், முள்ளம்பன்றி வளைய மாத்துனா நாமளும் இடத்த மாத்தலாம். அதுக்கு மேல அதப்பத்தி சொல்ல பெரிசா ஒண்ணும் இல்ல.

எனக்கு முடிவு பண்ண வச்சது பராமரிப்பு. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாசம் தொடங்குற தென்மேல் பருவமழை செப்டம்பர் வரைக்கும் விட்டு விட்டு இழுக்கும், மழை இல்லாத நாள்லயும் சாயங்காலம் ஆனா பனிமூட்டம் இறங்கிடும், டென்ட காயப்போட வெயிலே கிடைக்காது. ஈரத்தோட மடிச்சு வச்சா பூஞ்சணம் பிடிக்கும், அது கூட பரவால்ல தேச்சு கழுவிடலாம், ஆனா துணிக்கு உள்பக்கம் தண்ணி இறங்காம பூசியிருக்கிற பாலியூரித்தேன் பூச்சு இருக்கே அது ஈரத்துல இருந்து இருந்து சிதைஞ்சு பிசுபிசுன்னு ஆகி ஒரு புளிச்ச வாடை அடிக்க ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் எத்தன தடவை கழுவினாலும் போகாது. மனுசன் மூக்குக்கே அப்படின்னா மோப்பத்த நம்பி வாழுற பன்றிக்கு எப்படி இருக்கும்? லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அடுப்புக்கு மேல கட்டி காயவைக்கிறதும் உண்டு, புகை வாடை தோட்டத்து ஓரத்துல புதுசு இல்ல, மிருகம் அதுக்கு அவ்வளவா மிரளாது, ஆனா நைலோன் துணி அடுப்பு சூட்டுக்கு எத்தன நாள் தாங்கும். இதுல டென்ட் வாசல் ஜிப்பு வேற, ஈரத்துல துருவேறி சிக்கிடும், அமைதியான ராத்திரியில அத இழுக்கிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க கேக்கும்.

கொட்டில்ல வேலை இல்லன்னு சொல்லல. மழை முடிஞ்சதும் கூரைக்கு புது மானாப்புல் வேணும், மண்ணுக்குள்ள இருக்கிற கம்பு அழுகும், சாக்கு கிழியும். ஆனா இது எல்லாத்துக்கும் கத்தியும் கயிறும் போதும், பொருளும் தோட்டத்துலேயே கெடைக்குது. தகரக் கூரை வேணாம், லேசா தூறினாலே காதுக்குள்ள பறை அடிக்கிற மாதிரி இருக்கும், வெளிய என்ன நடக்குதுன்னே கேக்காது.

கொட்டில நகர்த்த முடியாதே, காத்து மாறினா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. மலைச்சரிவுல அடக்கமான ராத்திரியில காத்து பெரும்பாலும் ஒரே பக்கம்தான், பகல்ல சூடான காத்து மேல ஏறும், பொழுது போனதும் குளிர்ந்த காத்து சரிவோட கீழ இறங்கும். அதனால வளைக்கு கொஞ்சம் கீழ, நேர் கீழ இல்லாம சாய்வா ஒதுங்கி கட்டணும். வெயில் மலைக்குப் பின்னால போனதுக்கு அப்புறம் உள்ள போறதுதான் சரி, அதுக்கு முந்தி போனா நம்ம வாடை நேரா வளைக்குத்தான் ஏறும். ஜூன், ஜூலை காத்துக்கு இந்தக் கணக்கு ஒண்ணும் செல்லாது, ஆனா அந்த மழையில யாரு உட்காரப் போறா.

இன்னொரு விசயம், பாதுகாப்பு. பன்றிக்கு கம்பிச் சுருக்கு வைக்கிறவங்க இருக்காங்க, அதுல சிறுத்தை கூட மாட்டிச் செத்திருக்கு, துவக்கோட திரியிறவங்களும் இல்லாம இல்ல. கொட்டில் இருக்கிற இடம் வாச்சர் மாமாவுல இருந்து கொழுந்தெடுக்கிற அக்காமார் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். புதர் மாதிரியே இருக்கிற டென்டுக்குள்ள ஆள் இருக்குன்னு இருட்டுல எவனுக்குத் தெரியும்? நாய கூட்டிட்டு போகாதீங்க, சிறுத்தைக்கு நாய்னா ரொம்ப இஷ்டம்.

நான் சொல்றது ஈரமான மேல்மலைக்கு மட்டும். பதுளை, வெலிமடை பக்கம் மழை இல்லாத மாசங்கள் நீளம், அங்க டென்ட் நல்லாவே உழைக்கலாம், நான் அங்க உட்காந்து பார்த்ததில்ல.

ரெண்டுல எதுன்னாலும் முதல்ல வளைக்கு எந்த மிருகம் எப்ப வருதுன்னு தெரிஞ்சுக்க ஒரு தானியங்கி கெமராவ மரத்துல கட்டிப் பாருங்க. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு லைட் உள்ளது தூரமா தெளிவா பிடிக்கும், ஆனா லைட் எரியிறப்ப லேசா சிவப்பா தெரியும். 940 உள்ளது கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறையும். வளை வாசலுக்கு 940தான் நல்லது, கெமரா களவு போறதும் குறையும்.