மைக்கேல், ஜேசன், ஃபிரெடி: ரீமேக்கில் பிழைத்தது யார்?

ஒரு கொலைகாரன் ஆட்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் திகில் படங்களுக்கு ஸ்லாஷர் என்று பெயர். அமெரிக்க ஸ்லாஷர் படங்களில் அந்தக் கொலைகாரன் சாவதில்லை. எரிப்பார்கள், ஏரியில் அமிழ்த்துவார்கள், தலையைக்கூட வெட்டுவார்கள். அடுத்த பாகம் அறிவிக்கப்பட்டதும் ஒன்றுமே நடக்காதவன் மாதிரி எழுந்து வந்து நிற்பான். அவனை நிஜமாகவே சாய்க்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான்: அவனை ரீமேக் செய்யும் இயக்குநர், அவன் யாருக்குச் சொந்தம் என்று வாதாடும் வக்கீல். 2003 முதல் 2010 வரை இந்த வகையின் பெரிய பெயர்கள் எல்லாம் வரிசையாக ரீமேக் ஆயின. ‘ஹாலோவீன்’ மைக்கேல் மையர்ஸ், ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’ ஜேசன் வூர்ஹீஸ், ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ ஃபிரெடி க்ரூகர் ஆகிய மூவரில் தேறியவர் யார், தேறாதவர் யார் என்று பார்ப்போம். கதை முடிச்சுகளை மறைக்காமல்தான் எழுதுகிறேன்; படங்களை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலைகாரனைப் பற்றி ரீமேக் எவ்வளவு விளக்குகிறதோ, அவ்வளவுக்கு அவன் சிறுத்துப்போகிறான்.

இதற்கு அளவுகோலாக நான் வைத்திருப்பது இந்த மூவரில் இல்லாத ஒருவனை: ‘த டெக்சாஸ் செயின்சா மாஸக்கர்’ படத்தில் மனிதத் தோலை முகமூடியாக அணியும் லெதர்ஃபேஸ். 1973 கோடையில் டெக்சாஸ் வெயிலில் டோபி ஹூப்பர் எடுத்து 1974இல் வெளியான அந்தப் படம், பட்டப்பகலிலேயே வயிற்றைக் கலக்கும். 2003இல் மைக்கேல் பேயின் பிளாட்டினம் டியூன்ஸ் நிறுவனம் அதை ரீமேக் செய்தபோது, பழைய படத்தின் ஒளிப்பதிவாளர் டேனியல் பேர்லையே மறுபடி அழைத்தது. அவரும் தன் பழைய வேலையைத் திருப்பிச் செய்யவில்லை. மஞ்சள் வெயில் போய், ஈரமும் துருவுமான இருட்டு வந்தது. முதல் படத்தின் உயிரான அந்த இரவு விருந்துக் காட்சியைப் புதிய படம் தொடவே இல்லை. அதற்குப் பதில் ஆர். லீ எர்மி நடித்த ஷெரிஃப் ஹாய்ட் என்ற புது ஆளைக் கொண்டுவந்தது. லெதர்ஃபேஸுக்கு நேர்ந்த தோல் நோயைப் பற்றி ஒரு வரி வரும், அவ்வளவுதான். சுமார் 95 லட்சம் டாலரில் எடுத்த படம் 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அந்த லாபத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற ரீமேக்குகள் கிளம்பின.

‘ஹாலோவீ’னை எடுத்துக்கொள்வோம். 1978இல் ஜான் கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும் எழுதிய படம். செலவு சுமார் 3 லட்சம் டாலர். கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தின் கற்பனை ஊரான ஹாடன்ஃபீல்டில், இலையுதிர் காலத்தில். எடுத்தது கலிஃபோர்னியாவில், வசந்த காலத்தில். சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி, அடுத்த காட்சிக்குத் திரும்பத் தூவினார்கள். மைக்கேலின் முகமூடி, ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க்கின் முகமூடியாகக் கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கியது. கண் துளையைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்ததும் அதில் முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

அதன் முதல் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வெளியே நின்று யாரோ சன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். நாமும் அந்தக் கண்களாலேயே பார்க்கிறோம். பின்பக்கமாகச் சுற்றிப் போய், சமையலறை இழுப்பறையைத் திறந்து, கத்தியை எடுக்கிறது ஒரு கை. மாடிப்படி. தரையில் கிடக்கும் கோமாளி முகமூடியை எடுத்து அணிந்ததும் திரையே இரண்டு கண் துளைகளாகச் சுருங்கிவிடுகிறது. அக்காவைக் குத்திவிட்டு அதே கண்கள் கீழே இறங்கி வாசலுக்கு வருகின்றன. கார் வந்து நிற்கிறது, அப்பா முகமூடியைக் கழற்றுகிறார். ஆறு வயதுப் பையன். கையில் ரத்தக் கத்தி. கேமரா பின்வாங்கி மேலே ஏறுகிறது. பெற்றோர் அசையாமல் நிற்கிறார்கள். ஏன் செய்தான் என்று யாரும் சொல்வதில்லை, கடைசிவரை.

2007இல் ராப் ஸாம்பி இந்த நாலு நிமிடத்தை ஏறக்குறைய அரைப் படமாக நீட்டினார். பையனுக்கு இப்போது பத்து வயது. அம்மா மதுக்கூடத்தில் ஆடைகளைந்து ஆடுபவர், அவருடன் வாழும் குடிகார ஆள் நாள் முழுக்க ஏசுகிறான், பள்ளியில் பெரிய பையன்கள் சீண்டுகிறார்கள், பையன் பிராணிகளைக் கொல்கிறான். பிறகு மனநல விடுதியில் காகிதக்கூழ் முகமூடிகளாகச் செய்து குவிக்கிறான். ஸாம்பிக்குத் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த விடுதிக் காட்சிகளில் அம்மா வந்து உட்கார்ந்திருக்கும் இடங்களில் நிஜமான துக்கம் இருக்கிறது. ஆனால் படம் முடியும்போது நமக்குக் கிடைப்பது ஒரு நோயாளியின் கோப்பு. முன்னாள் மல்யுத்த வீரர் டைலர் மேன் வளர்ந்த மைக்கேலாக வந்து சுவரைப் பிளந்தாலும், சோபாவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற அந்தப் பழைய கூச்சம் வரவில்லை. இரண்டாம் பாதி இன்னும் மோசம். மூலப்படத்தின் காட்சிகளை அவசர அவசரமாக ஒப்பிக்கிறது.

ஆனால் ‘ஹாலோவீன்’ தொடருக்கு மட்டும் ஒரு வித்தை தெரியும்: பிடிக்காததை நடக்கவே இல்லை என்று சொல்லிவிடும். மொத்தம் 13 படங்கள். அவற்றுக்குள் ஓடுவதோ ஐந்து தனித்தனிக் கதை. மைக்கேலே இல்லாத 1982 படம் ஒன்று. 1998இல் வந்த ‘எச்20’ நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்களைத் துடைத்துப்போட்டு, முதல் படத்தில் மைக்கேலிடமிருந்து தப்பிய நாயகி லாரியின் (ஜேமி லீ கர்டிஸ்) கையாலேயே அவன் தலையை வெட்ட வைத்தது. 2002இல் அடுத்த படம் வந்து, வெட்டுப்பட்டவன் மைக்கேலே இல்லை, மாட்டிக்கொண்ட ஒரு ஆம்புலன்ஸ் ஊழியர் என்றது, லாரியையும் கொன்றது. 2018இல் டேவிட் கார்டன் கிரீன் முதல் படத்தைத் தவிர எல்லாவற்றையும் துடைத்தார். 1981இல் ஒட்டவைத்த ‘லாரி மைக்கேலின் தங்கை’ என்ற உறவும் அதோடு போயிற்று. மறுபடி காரணமில்லாத கொலைகாரன், மறுபடி ஜேமி லீ கர்டிஸ், மறுபடி கார்ப்பென்டரின் இசை. வசூல் 25 கோடி டாலருக்கு மேல். ரீமேக் செய்ய முடியாததை இப்படி அழித்துவிட்டுத் தொடர்ந்து சாதித்தார்கள் என்றே நினைக்கிறேன். அடுத்து வந்த இரண்டு பாகங்கள் அந்த நல்ல பெயரைத் தின்றுவிட்டன என்பது வேறு விஷயம். 2022இல் வந்த கடைசிப் படம் மைக்கேலைச் சாக்கடையில் உட்காரவைத்துவிட்டு கோரி என்ற இளைஞனின் பின்னால் போனதை ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது. முடித்த விதம்தான் பிடிக்கவில்லை.

‘ஃபிரைடே’வின் ஜாதகம் வேறு. அது பிறந்ததே வியாபாரமாக. கதை கைக்கு வருவதற்கு முன்பே இயக்குநர் ஷான் கன்னிங்ஹாம் ‘வெரைட்டி’ பத்திரிகையில் தலைப்பை மட்டும் வைத்து முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். நியூஜெர்சியில் நிஜமான சாரணர் முகாம் ஒன்றில் எடுத்தார்கள். முகாம் இப்போதும் இயங்குகிறது. ரசிகர்களைக் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டவும் செய்கிறது. 1980இல் வந்த அந்த முதல் படத்தில் கொலைகாரன் ஜேசனே இல்லை, அவன் அம்மா பமீலா. இரண்டாம் பாகத்தில் ஜேசன் தலையில் துணிப்பை மாட்டிக்கொண்டு வருகிறான். எல்லோருக்கும் தெரிந்த ஹாக்கி முகமூடி 1982இல் மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. பத்தாண்டுக்குள் எட்டுப் படங்கள். கலைப்பெருமை எதுவும் இல்லாத தொடர் என்பதால் ரீமேக்கில் இழக்கவும் அதிகம் இல்லை.

2009 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று வந்த ரீமேக், முதல் மூன்று படங்களையும் சாறு பிழிந்து ஒரே டம்ளரில் ஊற்றியது. அம்மாவின் தலை வெட்டுப்படுவது பெயர்கள் ஓடும்போதே முடிந்துவிடுகிறது. அடுத்து ஒரு இளைஞர் கூட்டம் வருகிறது. இவர்கள்தான் கதாபாத்திரங்கள் என்று நாம் பழகுவதற்குள் காலி. இருபது நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் படத்தின் தலைப்பே திரையில் விழுகிறது. இந்த ஒரு குறும்புக்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும். இயக்குநர் 2003இல் ‘டெக்சாஸ்’ எடுத்த அதே மார்கஸ் நிஸ்பெல். டெரெக் மியர்ஸ் நடித்த ஜேசன் ஓடுகிறான், பொறி வைக்கிறான், சுரங்கத்தில் வாழ்கிறான். இது நம் ஜேசன் இல்லை என்று பழைய ரசிகர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு உறுத்தியது அம்மா சாயலில் இருக்கிறாள் என்று ஒரு பெண்ணைக் கட்டிவைத்திருப்பது மட்டும்தான். மற்றபடி அவனை யாரும் உட்காரவைத்து உளவியல் பார்க்கவில்லை. முதல் வார இறுதியிலேயே 4 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆனால் அமெரிக்காவில் மொத்தமே சுமார் 6.5 கோடிதான் என்பதால், இரண்டாம் வாரம் அரங்குகள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு திரைக்கு ஜேசன் படமே வரவில்லை. காரணம் நீதிமன்றம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில், எழுதிக்கொடுத்தவர் 35 ஆண்டுகள் கழித்து உரிமையைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. சம்பள ஊழியராக எழுதியிருந்தால் அது கிடைக்காது. முதல் படத்தின் கதாசிரியர் விக்டர் மில்லர் 2016இல் கேட்டார். அவர் எங்கள் ஊழியர் என்றது எதிர்த்தரப்பு. 2018இல் கீழ் நீதிமன்றமும், 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மில்லர் பக்கம் தீர்ப்பளித்தன. இதிலும் ஒரு சிக்கல்: அவர் எழுதிய கதையில் ஜேசன் ஏரியில் மூழ்கிப்போன சிறுவன். முகமூடி போட்ட ராட்சதன் பின்னால் வந்த படங்களின் பிள்ளை. அம்மா ஒருவர் வசம், வளர்ந்த மகன் இன்னொருவர் வசம் என்று சொத்துப் பிரிந்து நின்றது. நல்ல பெயரோடு ஓடிக்கொண்டிருந்த ஜேசன் வீடியோ விளையாட்டுக்கும் இதே வழக்கால் 2018இல் புதிய பகுதிகள் நின்றுபோயின.

அந்த வெற்றிடத்தில் நுழைந்தவர்கள் ரசிகர்கள். 2017இல் மக்களிடம் நிதி திரட்டி எடுத்த ‘நெவர் ஹைக் அலோன்’ என்ற ரசிகர் படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தனியாக மலையேற வந்த ஒருவன், கைவிடப்பட்ட முகாம், அங்கே ஜேசன். ஒரு மணி நேரம்கூட இல்லை. தொடரின் 1986 படத்தில் ஜேசனை எதிர்த்து நிற்கும் டாமியாக நடித்த தாம் மேத்யூஸ் கடைசியில் வந்து நிற்கும்போது, கோடிகள் கொட்டிய 2009 படத்தில் இல்லாத பாசம் இதில் இருப்பது தெரிகிறது.

இனி ஃபிரெடி, தூங்குபவர்களின் கனவுக்குள் நுழைந்து கொல்பவன். இவனைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, தோல்வி அவ்வளவு தெளிவானது. லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்த அகதிகளில் சில இளைஞர்கள் கெட்ட கனவுக்குப் பயந்து தூங்க மறுத்து, கடைசியில் தூக்கத்திலேயே இறந்ததைச் செய்தித்தாளில் படித்ததிலிருந்து வெஸ் கிரேவன் 1984 படத்தை உருவாக்கினார். அது நியூ லைன் சினிமா நிறுவனத்தையே தூக்கி நிறுத்தியது. தொண்ணூறுகளில் ராம்சே சகோதரர்கள் அதை இந்தியில் ‘மஹாகால்’ என்று, பாட்டும் நகைச்சுவையும் சேர்த்து எடுத்தார்கள். சிரிக்காமல் பார்க்க முடியாதுதான். ஆனாலும் 2010இல் வந்த ஹாலிவுட் ரீமேக்கைவிட அதில் உயிர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

இரண்டு ‘எல்ம் ஸ்ட்ரீட்’ படங்களுக்கும் உள்ள தூரத்தை ஒரு சுவர் காட்டிவிடும். நாயகி நான்சி தூங்குகிறாள், தலைமாட்டுச் சுவர் மெல்லப் புடைத்து, ஒரு முகமும் இரண்டு கைகளும் அவள் மேல் கவிகின்றன. 1984இல் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இழுபடும் துணியைக் கட்டி, பின்னாலிருந்து ஒரு ஆள் சாய்ந்தார். துணி இழுபடும் விதத்தில் ஒரு உடலின் எடை தெரியும். 2010இல் அதே காட்சி கணினியில் வரைந்தது. முகம் துல்லியம், அசைவு துல்லியம், எடை மட்டும் இல்லை. இத்தனைக்கும் படத்தில் ஒரு நல்ல யோசனை இருந்தது: பல நாள் தூங்காதவனுக்கு விழித்திருக்கும்போதே கண நேரத் தூக்கம் வரும், அந்தக் கணத்தில் ஃபிரெடி நுழையலாம். அதை வைத்து இரண்டு காட்சிகள் செய்துவிட்டு விட்டுவிட்டார்கள். பிள்ளைகளைச் சீரழித்தான் என்று பெற்றோர் எரித்துக் கொன்ற அவன் ஒருவேளை நிரபராதியோ என்று பாதிவரை கேட்டதும் பின்வாங்கிய கேள்விதான். கடைசியில் அவன் குற்றத்தை விலாவாரியாக விளக்கியதோடு சரி. ஜாக்கி எர்ல் ஹேலி நல்ல நடிகர். ஆனால் மைக்கேலுக்கும் ஜேசனுக்கும் முகமூடியை மாட்டினால் யாரும் நிற்கலாம். ஃபிரெடி என்றால் ராபர்ட் எங்லண்டின் குரல், நடை, அந்தக் குரூரமான குதூகலம். படம் உலக அளவில் 11 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது, ஜேசன் ரீமேக்கைவிட அதிகம். அப்படியும் அடுத்த பாகம் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எங்லண்டைத் திரும்ப அழைக்கலாம் என்றால் அவர் 1947இல் பிறந்தவர்.

ஆக, ஒரே ஒரு ரீமேக் பார்க்க நேரம் உண்டு என்றால் ‘டெக்சாஸ்’ 2003. இரண்டாவதாக ‘ஃபிரைடே’ 2009. ‘ஹாலோவீன்’ பிரியர்கள் 1978க்குப் பிறகு நேரே 2018க்குத் தாவலாம். ஸாம்பியின் படம் ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்கு. 2010 ‘எல்ம் ஸ்ட்ரீட்’டுக்குச் செலவிடும் நேரத்தில் அதே கிரேவன் 1994இல் எங்லண்டை வைத்து எடுத்த ‘நியூ நைட்மே’ரைப் பார்ப்பது உத்தமம்.

இப்போது ரசிகர்களின் பேச்சு முழுக்க ‘ஃபிரைடே’ கதையை ஒட்டி 2022இல் அறிவிக்கப்பட்ட ‘கிரிஸ்டல் லேக்’ தொலைக்காட்சித் தொடரைப் பற்றி. ஏ24 தயாரிப்பு, முதலில் பொறுப்பேற்ற பிரையன் ஃபுல்லர் 2024இல் விலகி, பொறுப்பு பிராட் கேலப் கேனிடம் போனது, பமீலாவாக லிண்டா கார்டெலினி. முன்கதை சொல்லும் தொடர் என்றதும் என் கட்சிப்படி நான் முகம் சுளிக்க வேண்டும். சுளிக்கவில்லை. பமீலாவுக்கு முதல் படத்திலேயே காரணம் இருந்தது: காவல் காக்க வேண்டியவர்கள் அசட்டையாக இருந்ததால் மகன் ஏரியில் போனான். அவளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் முகமூடிக்காரனின் மர்மம் குறையாது. அந்தச் சிறுவன் ஏரியிலிருந்து எப்படிப் பிழைத்து வந்தான் என்று மட்டும் அவர்கள் விளக்கக் கிளம்பாமல் இருக்க வேண்டும்.