ஆமை மேசை செட்: பெட்டிக்கு நாலு நட்சத்திரம், கூட வந்ததற்கு ஒன்று

இங்கிலாந்தில் ஆமை வளர்க்க ஆசைப்படுகிறவர் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இப்படி ஒரு ‘ஆரம்ப செட்’டாகத்தான் இருக்கும். மேலே திறந்த மரப்பெட்டி (இதைத்தான் ‘ஆமை மேசை’ என்கிறார்கள்), அதற்கொரு விளக்கு, வெப்ப விரிப்பு, வெப்பமானி, தண்ணீர்த் தட்டு, தரையில் போடும் மரத்துகள், ஒரு டப்பா தீவனம். எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். நான் கொடுத்தது கிட்டத்தட்ட 160 பவுண்டு. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சரக்கைப் பெயர் மாற்றிப் பல கடைகள் விற்கின்றன, அதனால் பெயர் தெரிந்தும் பயனில்லை.

நாங்கள் கிராய்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்குப் பூனை முடி பட்டால் இளைப்பு வரும். நாய் வேண்டாம் என்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார். ஆமையைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படி வந்து சேர்ந்ததுதான் ஹெர்மன் இனக் குட்டி. பெயர் வடை. ஆமைவடையின் சுருக்கம், மகள் வைத்தது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நம் நட்சத்திர ஆமை இல்லை. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கும் 2019இல் அதை ஏற்றிவிட்டார்கள். ராசிக்கு நல்லது என்று யாராவது கொண்டுவந்து நீட்டினால் கையால் தொடாதீர்கள். ஹெர்மன், மத்தியதரைக் கடலோர நாடுகளின் ஆமை. காட்டிலிருந்து பிடித்து இங்கே கொண்டுவந்து விற்பது 1984லேயே நின்றுவிட்டது. இப்போது விற்பவையெல்லாம் வளர்ப்பிடத்தில் பொரித்தவை. விற்பவர் ‘ஆர்ட்டிகிள் 10’ என்ற, சட்டப்படி விற்பதற்கான சான்றிதழைத் தர வேண்டும். அடிவயிற்று ஓடு 10 செ.மீ. தாண்டியதும் மைக்ரோசிப் வைக்க வேண்டும். “காகிதம் அப்புறம் அனுப்புகிறேன்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, செட்டுக்கு வருவோம். பெட்டி நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மனம் வரவில்லை. 90க்கு 60 செ.மீ., பிளைவுட், ஒரு மூலையில் மூடி போட்ட தூங்கும் அறை. ஸ்க்ரூவுக்கான ஓட்டைகளில் ஒன்று மட்டும் தள்ளிப் போட்டிருந்தார்கள், துளைப்பானால் சரிசெய்துகொண்டேன். எனக்கு ரொம்பப் பிடித்தது, சுவர் மரமாக இருப்பது. கண்ணாடித் தொட்டியில் விட்ட ஆமைக்கு அங்கே சுவர் இருப்பதே புரியாது. வெளியே தெரிகிற சோபாவை நோக்கி நாள் முழுக்க நடந்து நடந்து மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். மரச்சுவர் என்றால் அந்தத் தவிப்பு இல்லை. சுவரின் உயரம் 22 செ.மீ. போதும் என்றுதான் தோன்றும், ஆனால் ஹெர்மன் நன்றாக ஏறும் இனம். மூலையில் கல்லோ தொட்டியோ வைத்தால் அதையே படியாக்கிக்கொள்ளும். மூலைகளைக் காலியாக விடுங்கள்.

பெட்டியின் ஒரே பெரிய குறை அதன் அடிப்பலகை. ஈரம் தாங்கும் பூச்சு எதுவும் இல்லை. ஆனால் ஆமைக்குட்டிக்கு ஈரமண் அவசியம். குளத்துக்குப் போடும் ரப்பர் விரிப்பை வெட்டி, சுவரில் ஒரு சாண் ஏறுகிற மாதிரி போட்டு ஸ்டேப்பிள் அடித்தேன். இதைச் செய்யாவிட்டால் ஒரு குளிர்காலத்துக்குள் பலகை உப்பிவிடும். விற்கும்போதே போட்டுக் கொடுத்தால் இன்னொரு பத்து பவுண்டு சேர்த்தேகூட வாங்கியிருப்பேன்.

இனி விளக்கு. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஆமையின் ஓடு எலும்பு. எலும்புக்குக் கால்சியம் வேண்டும், கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், டி3 உண்டாக தோலில் யூவிபி, அதாவது வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர், படவேண்டும். வெயிலில் திரிகிற ஆமைக்கு இது தானாக நடந்துவிடும். கிராய்டனில் நவம்பர் மாதம் எங்கே வெயில்? ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவிபியை வெளியிலேயே நிறுத்திவிடும். வெளிச்சம் வரும், சத்து வராது. யூவிபி கிடைக்காத குட்டிக்கு ஓடு அழுத்தினால் அமுங்கும், தாடை வளையும், கால்கள் உடம்பைத் தூக்கமுடியாமல் இழுபடும். வெளியே தெரியும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும்.

செட்டில் வந்தது சுருள் வடிவக் குட்டி யூவிபி பல்ப், பக்கச் சுவரில் கிளிப் போட்டு மாட்டுவது. அட்டையில் யூவிபி வலிமை ‘10.0’ என்று, கூடவே பாலைவனப் படம், சிரிக்கும் பல்லி. இங்கே ஆமை வளர்க்கும் நண்பர் ஒருவரிடம் சோலார்மீட்டர் 6.5 இருக்கிறது. யூவி குறியீட்டை அளக்கும் கைக்கருவி, விலை அதிகம் என்பதால் நாங்கள் நாலைந்து குடும்பங்கள் கைமாற்றி வாங்கிக்கொள்வோம். கடை சொன்ன உயரத்தில் பல்பை மாட்டி, வடையின் முதுகு இருக்கும் உயரத்தில் கருவியைப் பிடித்தேன். நேர் கீழே 0.9. ஒரு கை தள்ளிப் பிடித்தால் 0.2. அதைத் தாண்டினால் பூஜ்யம்தான். ஹெர்மன் போன்ற ஆமைக்கு வெயில் காயும் இடத்தில் 3க்கு மேலாவது இருக்கவேண்டும். மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று எரிகிற பல்பு, ஆமைக்கு அனேகமாக அணைந்த பல்பு.

அதைக் கழற்றிவிட்டு ஆர்க்கேடியா புரோ டி5 என்ற யூவிபி டியூப் விளக்கைப் போட்டேன். யூவிபி 12 சதவீதம், 24 வாட், 22 அங்குல டியூப், பிரதிபலிப்பானோடு வருகிறது. ஆமையின் முதுகிலிருந்து சுமார் 38 செ.மீ. உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். அதே கருவி 3.8 காட்டியது, அதுவும் ஒரு புள்ளியில் இல்லை, டியூப்பின் நீளத்துக்கு. ஆமை நின்று காய ஒரு பட்டையே கிடைக்கிறது. ஒன்று ஞாபகம் வேண்டும்: வருஷத்துக்கு ஒருமுறை டியூப்பை மாற்ற வேண்டும். வெளிச்சம் குறையாமல் எரிந்துகொண்டிருக்கும், யூவிபி மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். போட்ட தேதியைப் பேனாவால் டியூப்பின் ஓரத்திலேயே எழுதிவிடுகிறேன்.

வெப்பத்துக்கு வந்த பல்பைப் பற்றிப் புகார் இல்லை, சாதாரண ஸ்பாட் பல்ப்தான். ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் விற்கிறார்கள். ஹாபிஸ்டாட் நிறுவனத்தின், பல்பை மங்கவைத்துச் சூட்டைக் குறைக்கும் வகை தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி இணைத்தேன். பல்பின் கீழே 32 முதல் 35 டிகிரி, மறுகோடியில் 20, 22. இந்த வித்தியாசம் இருந்தால்தான் ஆமை தனக்கு வேண்டிய இடத்துக்குப் போய் வந்து உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ள முடியும். முழுப் பெட்டியும் ஒரே சூடாக இருந்தால் அதற்குப் போக்கிடமே இல்லை. கூட வந்த ஒட்டும் வெப்பமானி வட்டம், அகச்சிவப்பு வெப்பமானியோடு ஒப்பிட்டால் 8 டிகிரி குறைத்துக் காட்டியது. அதை நம்பினால் சூட்டை ஏற்றிக்கொண்டே போவோம்.

வெப்ப விரிப்பை நான் பிரிக்கவே இல்லை. ஆமைக்குச் சூடு மேலிருந்து வருவதுதான் இயற்கை. அடியிலிருந்து சுட்டால் ஆபத்தான சூட்டைக்கூட உணராமல் அதன் மேலேயே படுத்துக் கிடக்கும், அடிவயிறு வெந்துவிடும்.

மரத்துகளால் எங்களுக்கு ஒரு வேண்டாத செலவு வந்தது. மேசை வந்த புதிதில் மண் வாங்கி வருவதற்குள் அதைத்தான் பரப்பி வைத்திருந்தோம். ஒரே தூசி. சில நாளில் வடையின் மூக்கில் நீர்க்குமிழி, ஒரு கண் பாதி மூடியபடி. ஆமைக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. அதனால் மூக்கொழுகலை ஜலதோஷம் என்று விட்டுவைக்கக் கூடாது, நுரையீரலுக்கு இறங்கினால் திரும்புவது கஷ்டம். ஊர்வன பார்க்கும் மருத்துவர் எடை போட்டார், வாயைத் திறந்து உள்ளே நிறம் பார்த்தார், கையில் பிடித்து மூச்சுச் சத்தம் கேட்டார். வேறு ஆமை வீட்டில் உண்டா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இனம் விட்டு இனம் சேர்த்து வைத்தால் ஹெர்பஸ் வைரஸும் மைக்கோபிளாஸ்மாவும் தொற்றிக்கொள்ளுமாம். எங்களுடையது ஒற்றை ஆமை. தூசியாகத்தான் இருக்கும், தரையை மாற்றுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் வையுங்கள் என்றார். மாற்றினோம், சரியாயிற்று. கட்டணம் 65 பவுண்டு.

இப்போது தரையில் இருப்பது உரம் கலக்காத மேல்மண் மூன்று பங்கு, குழந்தைகள் விளையாடும் மணல் இரண்டு பங்கு. ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றி நனைத்துவைக்கிறேன். இங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிற மாதங்களில் காற்று அப்பளம் மாதிரி காய்ந்துவிடுகிறது, மேலே திறந்த மேசையில் அது இன்னும் மோசம். குட்டியின் ஓட்டுத் தகடுகள் கூம்பு கூம்பாக எழும்புவதற்கு நெடுநாள் புரதத்தைத்தான் பழித்தார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் ஆப்பிரிக்க சல்காட்டா இன ஆமைக்குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்துப் பார்த்தபோது, வறண்ட காற்றில் வளர்ந்தவைக்குத்தான் கூம்பு அதிகம், புரதத்தின் பங்கு சொற்பம் என்று தெரிந்தது. அதனால் மேசையின் தூங்கும் அறைப் பக்கத்துக்கு ஒரு பாலிகார்பனேட் தகட்டை மூடியாக வைத்தேன். பெட்டியைச் செய்கிறவர்கள் ஒரு பாதி மூடியும் சேர்த்துக் கொடுக்கலாம்.

தீவன டப்பாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோட்டத்தில் டான்டலியன், வாழையிலை மாதிரி நரம்போடும் பிளான்டெய்ன் களைச்செடி, சோ திஸில் என்ற களை எல்லாம் இலவசமாக முளைக்கும்போது டப்பா எதற்கு? நார் நிறைய, புரதம் கொஞ்சம், பழம் கிடையவே கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் வாழைப்பழத்தைப் பிய்த்துப் பிய்த்து நீட்ட, அது ஆசையாகத் தின்ன, அதை நிறுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பசலை மாதிரிக் கீரைகளும், கால்சியத்தை உடம்பில் சேரவிடாத ஆக்சலேட் இருப்பதால், எப்போதாவதுதான். கால்சியத்துக்குப் பறவைக் கடையில் கணவாய் ஓடு வாங்கிப் போட்டுவிடுங்கள், தானே கொறித்துக்கொள்ளும். ஊர் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் இதேதான். குழந்தைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஆரோக்கியமான ஆமையின் உடம்பிலும் சால்மோனெல்லா இருக்கும்.

விளம்பரத்தில் ‘வாழ்நாள் வீடு’ என்று போட்டிருக்கிறார்கள். சிரிப்புத்தான் வருகிறது. ஹெர்மன் 15, 20 செ.மீ. வரை வளரும், ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழும். இந்த மேசை இரண்டு மூன்று வருஷத்துக்கு. அதற்கப்புறம் தோட்டத்தில் வேலி, உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் கூடு, நரி நுழையாமல் மேலே வலை எல்லாம் வேண்டும். குளிர்கால உறக்கத்துக்கும் மேசை உதவாது. அதற்குத் தனியாக ஒரு குட்டி ஃபிரிட்ஜ் வைத்து 5 டிகிரியில் நிறுத்த வேண்டும், குடல் காலியாக வேண்டும், வாராவாரம் எடை பார்க்க வேண்டும், பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் எழுப்பிவிட வேண்டும். இதை அத்தையிடம் வீடியோ அழைப்பில் விளக்கினேன். “மாப்பிள்ளை, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க. நீங்க அதை ஃபிரிட்ஜுக்குள்ளேயே புகுத்தப் போறீங்களா?” என்றார். இட்லி மாவு இருக்கும் ஃபிரிட்ஜ் வேறு என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

கணக்குப் பார்த்தால், செட்டுக்குக் கொடுத்த 160இல் நான் இன்னும் பயன்படுத்துவது பெட்டி, ஸ்பாட் பல்ப், தண்ணீர்த் தட்டு. மேலே டியூப், தெர்மோஸ்டாட், ரப்பர் விரிப்பு, மண் என்று இன்னொரு 130 போயிருக்கும். நான் வாங்கியபோது பெட்டியைத் தனியாக விற்கவில்லை. யூவி அளவுகளை எழுதி, சுருள் பல்பையும் பிரிக்காத வெப்ப விரிப்பையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். விரிப்புக்குப் பணம் வந்தது. பல்பைப் பற்றி, “வாடிக்கையாளர்கள் பலர் திருப்தியாக உள்ளனர்” என்று ஒரு வரிப் பதில். போன வாரம் பார்த்தேன், பெட்டி மட்டும் 85 பவுண்டுக்குத் தனியாகப் போட்டிருக்கிறார்கள். வாங்குவதானால் அதை வாங்குங்கள்.