துறைமுகமா, ஆர்.கே.நகரா? ஒரே ஊரில் இரண்டு சுபாவங்கள்

சென்னையில் தி.மு.க.வின் 'கோட்டை' என்று பெயர் வாங்கிய சட்டமன்றத் தொகுதிகளில் துறைமுகம் முக்கியமானது. 'நட்சத்திரத் தொகுதி' என்ற பெயர் ஆர்.கே.நகருக்கு. இரண்டு பட்டங்களிலும் உண்மை பாதிதான்.

1977இல் தொடங்குவோம். ஆர்.கே.நகர் தன் முதல் தேர்தலைச் சந்தித்த ஆண்டு அது. நகைச்சுவை நடிகர் ஐசரி வேலன் அ.தி.மு.க. சார்பில் வென்றார். துறைமுகம் அதைவிடப் பழைய தொகுதி. அங்கே தி.மு.க.வின் செல்வராசன் வென்றார். 1980, 1984 தேர்தல்களிலும் அவரே. 1984 எப்படிப்பட்ட தேர்தல் என்பது நினைவிருக்கும்: எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில், இந்திரா காந்தி மறைந்த அனுதாபம் நாடெங்கும். அந்த அலையில் ஆர்.கே.நகர் அ.தி.மு.க.வின் கூட்டணிக் கட்சியான காங்கிரசுக்குப் போனது. துறைமுகம் அசையவில்லை.

அதற்குப் பிறகு ஆர்.கே.நகர் பெரும்பாலும் காற்றடிக்கும் பக்கமே சாய்ந்தது. 1989இல் தி.மு.க.வின் சற்குணம், 1991இல் அ.தி.மு.க.வின் மதுசூதனன், 1996இல் மறுபடி சற்குணம், 2001இல் அ.தி.மு.க.வின் சேகர்பாபு. ஆட்சியைப் பிடித்த கட்சி எதுவோ அதுவே தொகுதியிலும். 2006இல் மட்டும் மாநில ஆட்சியில் தி.மு.க., தொகுதியில் அதே சேகர்பாபு.

துறைமுகத்தின் கதையில்தான் ருசி அதிகம். 1989இல் கருணாநிதி இங்கே நின்று வென்று முதலமைச்சரானார். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நடந்த தேர்தலில் தி.மு.க. கூண்டோடு சரிந்தது, 234 இடங்களில் இரண்டே இரண்டு. ஒன்று எழும்பூர், மற்றொன்று துறைமுகம். கருணாநிதி பிழைத்தது 890 வாக்குகளில். தோல்விக்குப் பொறுப்பேற்று அவர் பதவி விலக, இடைத்தேர்தலில் வந்தவர் பழைய செல்வராசன்தான்.

பிறகு பேராசிரியர் அன்பழகன்: 1996, 2001, 2006. கட்சியின் பொதுச்செயலாளர், மூத்த தலைவர். அவர் 2001இல் ஜெயித்த வித்தியாசம் 336. அத்தனை பேரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிடலாம். 2006இல் ம.தி.மு.க.வின் சீமா பஷீரை 410 வாக்குகளில் வென்றார். சவுகார்பேட்டையின் வட இந்திய வணிகர்களும், மண்ணடியின் முஸ்லிம்களும், மூட்டை தூக்கிப் பிழைப்பவர்களும் கலந்து வாழும் தொகுதி. எந்த ஒரு தரப்பையும் நம்பி இங்கே கண்ணயர முடியாது. இந்தக் கோட்டைக்கு மதில் காகிதக் கனம்தான். ஆனாலும் இடியவில்லை.

2011இல் இடிந்ததே என்பீர்கள். அ.தி.மு.க.வின் பழ. கருப்பையா வென்றது உண்மை. ஆனால் அந்தத் தேர்தலில் தி.மு.க. தொகுதியை முஸ்லிம் லீக்குக்கு விட்டுக்கொடுத்திருந்தது. 1977 முதல் 2021 வரை தி.மு.க. தன் சொந்த வேட்பாளரை நிறுத்திய பொதுத்தேர்தல் எதிலும் இங்கே தோற்கவில்லை. கருப்பையாவும் பதவிக்காலத்தை முடிக்கவில்லை; கட்சியோடு பிணங்கி 2016 ஜனவரியில் உறுப்பினர் பதவியைத் துறந்தார்.

வித்தியாசக் கணக்கில் ஆர்.கே.நகர் நேர் எதிர். சொத்துக் குவிப்பு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்ததும், 2015 மே மாதம் மீண்டும் முதலமைச்சரான ஜெயலலிதாவுக்கு ஒரு தொகுதி தேவைப்பட்டது. 2011இல் ஆர்.கே.நகரில் வென்றிருந்த அ.தி.மு.க.வின் வெற்றிவேல் விலகி வழிவிட்டார். தி.மு.க. தேர்தலைப் புறக்கணிக்க, இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் மகேந்திரனைவிட 1,50,722 வாக்குகள் அதிகம். மறு ஆண்டே தி.மு.க. களத்தில் இறங்கியது, வித்தியாசம் 39,545 ஆனது. முந்தைய எண் செல்வாக்கைக் காட்டியதா, எதிரி இல்லாத மைதானத்தைக் காட்டியதா என்பது அப்போது தெரிந்துபோயிற்று.

ஜெயலலிதா மறைந்த பின் நடந்தது ஊரறிந்தது. 2017 ஏப்ரல் இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடா புகாரால் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில் பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரட்டை இலையோடு இரண்டாம் இடத்தில் நின்றவர் 1991இல் இங்கே ஜெயித்த அதே மதுசூதனன். தி.மு.க.வுக்கு டெபாசிட்டும் போனது. நோட்டா வாங்கிய 2,373 வாக்குகளை பா.ஜ.க. எட்டவில்லை. என் கணக்கில் இதை ஆர்.கே.நகரின் நிலையான குணமாகக் கொள்ளக் கூடாது. ஒரு தலைமை காலியான நேரத்தில் யார் வாரிசு என்று கேட்கப்பட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அது. 2021இல் தொகுதி தி.மு.க.வின் எபினேசரைத் தேர்ந்தெடுத்து, ஆட்சியோடு சேரும் பழக்கத்துக்குத் திரும்பியது.

கட்சியின் வேர் எங்கே என்று தேடுபவருக்குத் துறைமுகம். அலையின் உயரத்தை அளக்க ஆர்.கே.நகர். ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் துறைமுகத்தையே சொல்வேன். ஒன்றரை லட்சத்தைவிட 336இல்தான் படிக்க நிறைய இருக்கிறது.

இரண்டு தொகுதிகளையும் உள்ளிருந்து அறிந்தவர் சேகர்பாபு. ஆர்.கே.நகரில் இரட்டை இலையில் இருமுறை வென்றவர், 2011இல் தி.மு.க.வுக்கு மாறி அதே தொகுதியில் வெற்றிவேலிடம் தோற்றார். 2016இல் துறைமுகத்துக்கு வந்து வென்றார். 2021இல் மீண்டும் வென்று அறநிலையத் துறை அமைச்சரானார். அதே 2021இல் தினகரன் ஆர்.கே.நகரை விட்டுக் கோவில்பட்டிக்குப் போய், கடம்பூர் ராஜுவிடம் தோற்றார்.